2018 ஜூலை, சிமிகோட்: கயிலை யாத்திரைக்கு இன்சூரன்ஸ் எடுக்குமுன் படிக்க வேண்டிய ஒரு நிகழ்வு

நடந்தது

2018 ஜூன் கடைசியில் மேற்கு நேபாளத்தின் ஹும்லா மாவட்டத்தில் மழை பிடித்துக்கொண்டது. கயிலாய மானசரோவர் யாத்திரை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த இந்தியர்கள் சிமிகோட்டிலும் ஹில்சாவிலும் நகர முடியாமல் நின்றுபோனார்கள். ஜூலை 3 அன்று அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜ் சொன்ன கணக்கு இது: சிமிகோட்டில் 525 பேர், ஹில்சாவில் 550 பேர், திபெத் பக்கம் இன்னும் சுமார் 500 பேர். காட்மாண்டுவிலுள்ள இந்தியத் தூதரகம் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் பேசுபவர்களை வைத்துத் தனித்தனித் தொலைபேசி எண்களை அறிவித்தது. சிக்கியவர்களில் தென்னாட்டவர் எவ்வளவு அதிகம் என்பது அதிலிருந்தே தெரியும். அந்த நாள்களில் உயிரிழப்பும் நேர்ந்தது.

இந்த வழியை வரைபடத்தில் ஒருமுறை பார்த்துவிட்டால் நடந்தது விபத்தல்ல, அந்த வழியின் இயல்பு என்பது புரியும். நேபாள்கஞ்ச் சமவெளியில், சுமார் 150 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சிமிகோட்டுக்குச் சிறிய விமானம்; சிமிகோட் 2,900 மீட்டருக்கு மேல். நேபாளத்தின் சாலைகளோடு அப்போது அதற்கு இணைப்பே இல்லை. சிமிகோட்டிலிருந்து எல்லையிலுள்ள ஹில்சாவுக்கு ஹெலிகாப்டர்; ஒரு நடைக்கு ஐந்தாறு பேர்தான். ஹில்சாவில் கர்ணாலி ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் திபெத்; பிறகு பஸ்ஸில் எல்லைக்கு அருகிலுள்ள திபெத்திய ஊரான புராங். விமானமும் ஹெலிகாப்டரும் விமானி கண்ணால் பார்த்து ஓட்டுபவை. பள்ளத்தாக்கில் மேகம் இறங்கினால் பறப்பு நின்றுவிடும். நல்ல நாளிலும் காலைப் பொழுதுதான் கணக்கு. பிற்பகலில் காற்று ஏறிவிடும்.

ஆள் இறங்கும் வழி அடைபட்டாலும் வரும் வழி அடைபடவில்லை என்பதுதான் அந்த வாரத்தின் பெரிய சிக்கல். திபெத்தில் கிரிவலம் முடித்த குழுக்கள், அறை முன்பதிவும் விசா தேதியும் முடிந்ததால் தொடர்ந்து ஹில்சாவுக்கு வந்து இறங்கின. சில விடுதிகள் மட்டுமே உள்ள எல்லைச் சிற்றூர் அது. நேபாளப் பக்கம் மருத்துவ வசதி போதாது, முடிந்தவரை யாத்ரீகர்களைத் திபெத் பக்கமே நிறுத்தி வையுங்கள் என்று தூதரகம் டூர் நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. மேகம் விலகிய இடைவெளிகளில் விமானமும் ஹெலிகாப்டருமாக நடை நடையாக ஆட்களை இறக்கினார்கள்.

அந்த வாரத்தின் ஒவ்வொரு செலவையும் ஒரு சராசரி வெளிநாட்டுப் பயணக் காப்பீட்டு பாலிசியின் முன் வைத்துப் பார்ப்போம். கயிலைக்கு எந்த பாலிசியை எடுப்பது என்ற கேள்விக்கு விளம்பரத் தாளைவிட இந்தப் பயிற்சி நல்ல பதில் தரும்.

எந்தச் செலவுக்கு யார் பணம் தருவார்கள்

முதலில் தங்கலும் சாப்பாடும். கூடுதலாக நான்கு நாள் ஹில்சாவில் தங்க நேர்ந்தால், பயணத் தாமதம் என்ற பிரிவில் பணம் கிடைக்கும் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அந்தப் பிரிவைத் திறந்து படித்தால் ‘காமன் கேரியர்’ என்ற சொல் வரும். அறிவித்த கால அட்டவணைப்படி, உரிமம் பெற்று, பொதுமக்களுக்கு டிக்கெட் விற்று ஓடும் விமானம், ரயில், பஸ் போன்றவை மட்டுமே அதற்குள் அடங்கும் என்று பல பாலிசிகள் வரையறுக்கின்றன. சிமிகோட் ஹில்சா ஹெலிகாப்டருக்கு அட்டவணை கிடையாது. டூர் நிறுவனம் மொத்தமாகப் பேசி அமர்த்துவது. நேபாள்கஞ்ச் சிமிகோட் விமானமும் பல நேரம் சார்ட்டர்தான். எனவே அந்தத் தாமதம் பாலிசியின் கண்ணில் தாமதமே ஆகாது. காட்மாண்டுவிலிருந்து டெல்லி வழியாகச் சென்னைக்குப் போட்டிருந்த டிக்கெட் வீணானதற்கும் இதே கதிதான்: அந்த விமானம் நேரத்துக்குக் கிளம்பியது, நீங்கள்தான் வரவில்லை. இணைப்பு விமானம் தவறினால் பணம் தரும் பிரிவும், முந்தைய வாகனம் காமன் கேரியராக இருந்தால்தான் பேசும்.

அடுத்து ஹெலிகாப்டர். ‘அவசர மருத்துவ மீட்பு’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்துத்தான் பலரும் பாலிசி வாங்குகிறார்கள். அதில் முக்கியமான சொல் மருத்துவம். வானிலையால் சிக்கிக்கொண்ட ஆரோக்கியமான ஆளை இறக்கக் காப்பீட்டு நிறுவனம் ஹெலிகாப்டர் அனுப்பாது. நோயாளி என்றாலும், அங்கே சிகிச்சை தர வழியில்லை என்று மருத்துவர் எழுத வேண்டும்; நிறுவனத்தின் உதவி மையம் முன்கூட்டியே ஒப்புதல் தர வேண்டும். ஒப்புதல் இல்லாமல் நாமே ஏற்பாடு செய்த ஹெலிகாப்டருக்கு, உண்மையிலேயே உயிர் போகும் நிலையாக இருந்தாலும், பணம் பெறப் போராட வேண்டியிருக்கும். அதே 2018இல் நேபாள அரசு நடத்திய விசாரணையில், தேவையில்லாத ஹெலிகாப்டர் மீட்புகளுக்கும் ஊதிப்பெருக்கிய பில்களுக்கும் பின்னால் இருந்த கூட்டு வெளிவந்தது. அதற்குப் பிறகு நேபாள ஹெலிகாப்டர் பில் என்றாலே காப்பீட்டு நிறுவனங்கள் இரண்டு முறை பார்க்கின்றன. நேர்மையான நோயாளியும் அந்தச் சந்தேகத்தைக் கடந்துதான் பணம் வாங்க வேண்டும்.

மூன்றாவது, உடல்நலக் குறைவு. இங்கேதான் பாலிசி உண்மையில் உதவும். பெரும்பாலான மறுப்புகளும் இங்கேதான் வருகின்றன. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

மலையில் ஒருவர் விழுந்தால் என்ன நடக்கும்

மானசரோவர் ஏரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,590 மீட்டர். கிரிவலப் பாதை 52 கி.மீ., மூன்று நாள். இரண்டாம் நாள் கடக்கும் டோல்மா லா கணவாய் 5,600 மீட்டரையும் தாண்டுகிறது. அங்கே காற்றில் கிடைக்கும் ஆக்சிஜன் நம்மூரில் கிடைப்பதில் பாதிதான். உயர நோய் தலைவலி, வாந்தி, தூக்கமின்மையில் தொடங்கும். கவனிக்காவிட்டால் நுரையீரலில் நீர் கோக்கும், அல்லது மூளை வீங்கும். இரண்டுக்கும் முதல் மருந்து உடனே கீழே இறக்குவதுதான். மற்றதெல்லாம் இறக்கும்வரை தாக்குப்பிடிக்க.

கிரிவலத்தின் முதல் இரவு தங்கும் இடமான டிராபுக்கில் ஒருவருக்கு மூச்சு வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். திபெத் பக்கம் யாத்ரீகர்களைத் தூக்க தனியார் ஹெலிகாப்டர் வராது. வண்டியில், கிரிவலம் தொடங்கும் ஊரான தார்ச்சென், அங்கிருந்து சுமார் 100 கி.மீ. தள்ளிப் புராங், பிறகு எல்லை. எல்லைச் சாவடி பெய்ஜிங் நேரப்படி திறந்து மூடும். நேபாளத்தில் கடிகாரம் 2 மணி 15 நிமிடம் பின்தங்கி ஓடுகிறது. ஹில்சாவில் பிற்பகல் என்று நாம் நினைக்கும்போது அந்தப் பக்கம் வேலைநேரம் முடியும் தறுவாயில் இருக்கும். பாலத்தைக் கடந்த பிறகுதான் ஹெலிகாப்டர் என்ற பேச்சே வரும், அதுவும் வானம் தெளிந்திருந்தால். ஆக, பாலிசியில் எத்தனை லட்சம் டாலர் எழுதியிருந்தாலும் முதல் ஒரு நாள் மீட்பு என்பது ஜீப்தான். திபெத்துக்குள் தரைவழி ஆம்புலன்ஸ், ஜீப் வாடகை ஆகியவற்றையும் மீட்புச் செலவாக ஏற்பார்களா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இதை யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான்.

இன்னொரு முடிச்சு, விசா. அரசு யாத்திரையில் சேராமல், டூர் நிறுவனம் மூலம் தனியார் வழியில் போகிறவர்களுக்குச் சீனா தருவது பெரும்பாலும் குழு விசா. எல்லாப் பெயரும் ஒரே தாளில் இருக்கும். குழு சேர்ந்தே நுழைந்து சேர்ந்தே வெளியேற வேண்டும். நோயாளியும் துணைக்கு ஒருவரும் முன்னதாக இறங்க வேண்டுமென்றால் விசாவைப் பிரிக்க வேண்டும். அதற்குப் பணமும் நேரமும் ஆகும். இந்தச் செலவைக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை. பிரிக்கும் கட்டணம் யாருடையது என்பதை டூர் நிறுவனத்துடன் முன்பே பேசி முடித்துவிடுவது நல்லது.

பாலிசியில் எந்த வரிகளைப் படிப்பது

நாடுகளின் பட்டியல். நேபாளமும் சீனாவும் இரண்டுமே வேண்டும். நேபாளத்தை மட்டும் உள்ளடக்கிய மலிவான திட்டங்கள் முக்திநாத்துக்குப் போதும், கயிலைக்குப் போதாது. ‘ஆசியா’ என்று பொதுவாகப் போட்டிருந்தால் விலக்கப்பட்ட நாடுகள் எவை என்ற வரியையும் பாருங்கள்.

உயரமும் நடையும். விலக்குகள் பக்கத்தில் மலையேற்றம், சாகச விளையாட்டு என்ற தலைப்பின் கீழ் இது ஒளிந்திருக்கும். சில பாலிசிகள் குறிப்பிட்ட மீட்டருக்கு மேல் நடப்பதை விலக்குகின்றன. சில, கயிறோ வழிகாட்டியோ தேவைப்படும் மலையேற்றத்தை மட்டும் விலக்குகின்றன. இரண்டாவது வகையில் கிரிவலம் அடங்காது என்று நாம் வாதாடலாம். ஆனால் திபெத்தில் வழிகாட்டி இல்லாமல் வெளிநாட்டவர் நடக்கவே முடியாது என்பதால் அந்த ஒரு சொல்லை வைத்து கிளைமை மறுக்கவும் இடமுண்டு. ‘5,650 மீட்டர் வரை கால்நடையாகச் செல்லும் மதயாத்திரை, கயிறு கருவிகள் இல்லை; உயர நோய் ஏற்பட்டால் இந்த பாலிசி ஏற்குமா?’ என்று இந்த வாசகத்திலேயே மின்னஞ்சல் அனுப்பிப் பதிலைப் பாலிசியோடு சேர்த்து வையுங்கள். ஏஜென்ட் வாயால் சொல்லும் ‘அதெல்லாம் கவர் ஆகும் சார்’ கிளைம் மேசையில் செல்லாது. மின்னஞ்சல் பதில் தராத நிறுவனத்திடம் வாங்க வேண்டாம்.

ஏற்கெனவே உள்ள நோய். 64 வயது, பத்தாண்டாகச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை என்று ஒருவரை எடுத்துக்கொள்வோம். கயிலைக்குப் போகிறவர்களில் மிகச் சாதாரணமான ஆள் இவர். பல இந்திய பாலிசிகள் ஏற்கெனவே உள்ள நோயை விலக்குகின்றன, அல்லது உயிருக்கு ஆபத்தான கட்டத்தில் மட்டும் ஒரு வரம்புக்குள் தருகின்றன. 5,000 மீட்டரில் அவருக்கு மாரடைப்பு வந்தால், அது பிரஷரின் தொடர்ச்சி என்று நிறுவனம் சொல்லும். எனவே இவருக்குத் தேவை, ஏற்கெனவே உள்ள நோயின் அவசர சிகிச்சையை ஏற்கும் கூடுதல் பிரிவு. பிரீமியம் ஏறும், ஏறட்டும். விண்ணப்பத்தில் நோயை மறைத்துவிட்டால் பிரீமியம் குறையும். ஆனால் மருத்துவமனை எழுதும் முதல் கேஸ் தாளிலேயே ‘சர்க்கரை நோயாளி, பத்தாண்டு’ என்று இருக்கும். மறைத்தது வெளிப்பட்டால் அந்த நோய்க்கான தொகை மட்டுமல்ல, முழு கிளைமும் போகும். ஸ்டென்ட், பைபாஸ் செய்தவர்கள் இதய மருத்துவரிடம் பயணத்துக்குத் தகுதிச் சான்று வாங்குவது உயிருக்கும் நல்லது, கிளைமுக்கும் நல்லது. ‘மருத்துவர் வேண்டாம் என்றும் பயணித்தார்’ என்பது ஏறக்குறைய எல்லா பாலிசியிலும் உள்ள விலக்கு.

வயது. 60ஐத் தாண்டியவர்களுக்குப் பல திட்டங்களில் உள்வரம்புகள் உண்டு. மேலே 1,00,000 டாலர் என்று போட்டிருக்கும். உள்ளே அறை வாடகைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு, ஐசியூவுக்கு இவ்வளவு, அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு என்று தனித்தனி வரம்பு இருக்கும். உள்வரம்பு இல்லாத திட்டமும் கிடைக்கிறது, விலை கூட. 70க்கு மேல் தேர்வுகள் சுருங்கிவிடும்.

எவ்வளவு தொகைக்கு என்ற கேள்வியில் பலரும் அமெரிக்கா போகிறவர்களைப் பார்த்துக் குழம்புகிறார்கள். நேபாளத்திலும் சீனாவிலும் மருத்துவமனைச் செலவு அமெரிக்காவைப் போல் இல்லை. உயர விலக்கு உள்ள 5,00,000 டாலர் பாலிசியைவிட, உயர நோயையும் பழைய நோயையும் எழுத்தில் ஏற்கும் 50,000 டாலர் பாலிசி கயிலைக்குப் பல மடங்கு மேல். ஆனால் மீட்புச் செலவு அந்த 50,000க்குள் அடங்குமா, அதற்குத் தனியாகச் சிறிய வரம்பா என்று பாருங்கள். தொலைதூர ஹெலிகாப்டர் வாடகை பல ஆயிரம் டாலரில்தான் பேசப்படும்.

நாள்கள். பயணத் திட்டம் 14 நாள் என்றால் பாலிசியும் 14 நாளுக்கு எடுப்பதுதான் வழக்கம். 2018 ஜூலையில் அப்படி எடுத்திருந்தவருக்கு, ஹில்சாவில் மழை நிற்பதற்குள் பாலிசி முடிந்திருக்கும். குறைந்தது ஏழு நாள் கூட்டி எடுங்கள். கூடுதல் பிரீமியம் சில நூறு ரூபாய்தான் வரும். சில பாலிசிகள் தாமதத்தால் தானாக நீளும் என்று எழுதியிருக்கும். அங்கும் ‘காமன் கேரியர்’ என்ற அதே சொல் காத்திருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவை விட்டுக் கிளம்பிய பிறகு பொதுவாகப் புதிதாக எடுக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

உடலைக் கொண்டுவருதல். பேச மனம் வராத விஷயம். ஆனாலும் படிக்க வேண்டும். வெளியுறவு அமைச்சகம் நடத்தும் யாத்திரையில் 18 முதல் 70 வயது, உடல் நிறை எண் 25க்குள், மருத்துவப் பரிசோதனை என்று கட்டுப்பாடுகள் உண்டு. ஹெலிகாப்டர் மீட்புக்கான உறுதிமொழியும், சீனப் பக்கம் இறந்தால் அங்கேயே தகனம் செய்யச் சம்மதக் கடிதமும் எழுதி வாங்குகிறார்கள். தனியார் வழியில் போகும்போது இந்த வடிகட்டலும் கிடையாது, எழுத்தும் கிடையாது. எனவே பாலிசியில் உடலைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவரும் பிரிவு, உள்ளூர் இறுதிச் சடங்குச் செலவையும் ஏற்கிறதா என்று பார்த்து, குடும்பத்தில் ஒருவரிடம் தன் விருப்பத்தைச் சொல்லிவிட்டுப் போவதே முறை.

வழி மாறினாலும் சிக்கல் மாறவில்லை

ஹெலிகாப்டரே வேண்டாம், காட்மாண்டுவிலிருந்து நேபாள எல்லையிலுள்ள ரசுவாகடி, திபெத் பக்கமுள்ள கேருங் வழியாகச் சாலையிலேயே போய்விடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. 2025 ஜூலை 8 அன்று வந்த வெள்ளம் ரசுவாகடியில் நேபாளத்தையும் சீனாவையும் இணைத்த பாலத்தையே அடித்துச் சென்றது. அதே ஆண்டு செப்டம்பர் 9 அன்று காட்மாண்டுக் கலவரத்தில் விமான நிலையம் மூடப்பட்டது. கயிலை யாத்ரீகர்களும் எல்லைக்கு அப்பால் சிக்கினார்கள். வெள்ளத்தை இயற்கைச் சீற்றம் என்று சில பாலிசிகள் பயண இடைநிறுத்தத்தில் ஏற்கின்றன. கலவரத்தில் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு அதிகம்: ஒன்று ஏற்கும், மற்றது போர், கிளர்ச்சி என்ற விலக்கில் தள்ளிவிடும். காட்மாண்டு வழியாகப் போகிறவர்கள் இந்த வரியையும் பார்த்தே ஆக வேண்டும்.

டூர் நிறுவனத்தின் கட்டணத்தில் ‘இன்சூரன்ஸ் உட்பட’ என்று இருந்தால் சான்றிதழைக் கேளுங்கள். பல நேரம் அது விபத்து மரணத்துக்கான குழுக் காப்பீடாக மட்டுமே இருக்கும்; உயர நோய் விபத்தல்ல. உங்கள் பெயர், பாஸ்போர்ட் எண், நாடுகள், தேதிகள் இல்லாத காகிதம் பாலிசி ஆகாது. தமிழக அறநிலையத் துறை மானசரோவர் யாத்திரைக்குத் தரும் மானியமும் பயணச் செலவுக்கான உதவிதான். அதைக் காப்பீடாக எண்ணிவிடக் கூடாது.

பாலிசி ஏற்காதவற்றுக்குக் கையில் பணம் வேண்டும். கூடுதல் தங்கல், விசா பிரிப்பு, புதிய டிக்கெட், ஜீப் எல்லாம் இதில் சேரும். மருத்துவமனையும் ஹெலிகாப்டர் நிறுவனமும் முதலில் பணத்தையோ உறுதிக் கடிதத்தையோதான் கேட்பார்கள். காப்பீடு பிறகுதான் திருப்பித் தரும். நல்ல வரம்புள்ள கிரெடிட் கார்டு ஒன்றைக் குடும்பத்தினர் ஊரிலிருந்தே பயன்படுத்தும்படி ஏற்பாடு செய்துவிட்டுக் கிளம்புங்கள். தினசரி மாத்திரைகள் பயண நாள்களைப் போல் இருமடங்கு, கைப்பையில். பெட்டியில் வைத்தால், எடைக்காகப் பெட்டியை நேபாள்கஞ்சில் விட்டுவிட்டுப் போகும்போது மாத்திரையும் அங்கேயே தங்கிவிடும்.

கிளைமுக்கு வேண்டிய காகிதங்கள்

சென்னையிலிருந்து லக்னோ, அங்கிருந்து ரூபைடிஹா வழியாகச் சாலையில் நேபாள்கஞ்ச் போகிறவர்கள் பலர். இந்தியர்களுக்கு நேபாள விசா கிடையாது; இந்த எல்லையில் பாஸ்போர்ட்டில் முத்திரையும் விழாது. சீன விசாவும் குழுத் தாளில், வழிகாட்டியின் பையில். யாத்திரை முடிந்து வந்த பிறகு பாஸ்போர்ட்டைப் புரட்டினால் வெளிநாடு போனதற்கான அடையாளமே இல்லாமல் இருக்கலாம். கிளைம் படிவமோ முத்திரைப் பக்கங்களின் நகலைக் கேட்கும். எனவே குழு விசாத் தாள், திபெத் அனுமதிச் சீட்டு, சிமிகோட் விமானச் சீட்டு, விடுதி ரசீதுகள் எல்லாவற்றையும் அந்தந்த இடத்திலேயே போட்டோ எடுத்துவிடுங்கள்.

புராங் மருத்துவமனை பில் சீன மொழியில் இருக்கும். நோயின் பெயர், ஆக்சிஜன் அளவு, தேதி, நேரம், தொகை ஆகியவற்றை வழிகாட்டியைக் கொண்டு ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி, மருத்துவமனை முத்திரையும் வாங்கிவிடுங்கள். அசல் பில் முக்கியம். ஹெலிகாப்டர் என்றால் கிளம்பிய இடம், இறங்கிய இடம், உடன் வந்தவர் பெயர், மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் நான்கும் வேண்டும்.

உதவி மையத்துக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும் என்பது பாலிசியின் நிபந்தனை. சீனாவில் உள்ளூர் இணையத்தில் வாட்ஸ்அப்பும் ஜிமெயிலும் திறக்காது. ஹில்சாவில் சிக்னல் நிச்சயமில்லை. பாலிசி நகல், பாஸ்போர்ட் நகல், உதவி மைய எண், டூர் நிறுவன மேலாளர் எண் நான்கையும் ஊரிலுள்ள மகனிடமோ மகளிடமோ கொடுத்து, ‘எங்களிடமிருந்து ஒரு வரி செய்தி வந்தால் நீ கூப்பிட்டு கேஸ் எண் வாங்கு’ என்று சொல்லிவையுங்கள். கூப்பிட்ட நேரமும் கேஸ் எண்ணும் எழுதப்பட்டிருந்தால், ஒப்புதல் கேட்கவில்லை என்ற காரணத்தைச் சொல்லி மறுப்பது கடினம்.

மறுத்தால் காரணத்தை, எந்தப் பிரிவின்படி என்ற எண்ணோடு, எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடம் புகார். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் ஏற்க முடியாததாக இருந்தாலும், ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மன்) போகலாம்; தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையான வழக்குகளை எடுப்பார்கள். பாலிசி வாங்குமுன் அனுப்பிய அந்த மின்னஞ்சலும் அதற்கு வந்த பதிலும் அங்கே முதல் ஆவணமாக வைக்க வேண்டியவை.